வலப்பக்கத்துப் படகு

அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லோரும் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு: அவர் காதுபட அவருடைய மனைவியைப் பற்றிப் பேசக் கூடாது. அவள் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வாயைத் திறந்தாலே "ஒரு நிமிஷம்" என்று எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த ஒரு நிமிஷம் வந்தவர்கள் கிளம்பும்வரை நீளும். அவளைக் குறிப்பிட்டே தீரவேண்டி வந்தால், "வலப்பக்கத்து ஆட்டக்காரர்" என்பார்.

"வலப்பக்கத்து கீ எல்லாம் ரொம்ப வேகமா வேலை செய்யுது. எங்கியோ தப்பு," என்றார் இப்போது, திரையை முறைத்தபடி.

"கீ வேகமா வேலை செய்யலப்பா, நான் வேகமா அழுத்துறேன்," என்றாள் மகள். "தோத்துட்டீங்க. மறுபடியும்."

"மூணாவது ஆட்டத்துல நான் தோத்ததே கிடையாது."

ஒரு காலத்தில் அது உண்மைதான். கல்யாணமான புதிதில் வாங்கிய ஜப்பானியக் கணினியில் படகுப் பந்தயம் ஒன்று இருந்தது. ஒரே விசைப்பலகைக்கு முன்னால் கணவனும் மனைவியும் தோள் இடிக்க உட்காருவார்கள். இடப்பக்க விசைகள் அவருக்கு, வலப்பக்க விசைகள் அவளுக்கு. இரண்டு கைகளாலும் மாற்றி மாற்றி அழுத்தினால்தான் படகு வேகம் பிடிக்கும். ஞாயிறுதோறும் மூன்று ஆட்டம். முதல் இரண்டும் இப்படியும் போகும், அப்படியும் போகும், மூன்றாவது அவருக்குத்தான். அந்தச் சூட்டோடு மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பாடிக்கொண்டே கழுவுவார்.

அவள் போன ஆண்டே கணினியும் உயிரை விட்டது. அதைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றை அவர் தாமே எழுதினார். படகு வந்தது, தண்ணீர் வந்தது, விசையின் டக் டக் ஒலிகூட வந்தது. வெற்றி மட்டும் வரவில்லை. அப்படியானால் கோளாறு விசைப்பலகையைப் பாவனை செய்த பகுதியில்தான் இருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் யாரிடம் முதலில் போவது என்று தீர்மானிக்கும் நிரலை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் அவர். இந்த விஷயத்தில் அவரிடம் யாரும் வாதாட முடியாது.

முதலில், அழுத்தினால் அமுங்கியே நிற்கும் ஜப்பானிய எழுத்து விசையைச் சேர்த்தார். சேர்த்தவர் மென்பொருளை மூட மறந்தார். மறுநாள் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க ரிப்போர்ட் முழுக்க ஜப்பான் எழுத்துல வந்திருக்கு. லிஃப்ட் நாலாவது மாடியில நிக்குதா, நிக்கலையா? அதை மட்டும் வாயால சொல்லிடுங்க."

அடுத்து, பழைய விசைப்பலகையைக் கழற்றி, கம்பிப் பாதைகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரைந்தார். மூன்று குறிப்பிட்ட விசைகளைச் சேர்த்து அழுத்தினால், யாரும் தொடாத நான்காவது விசையும் அழுந்தியதாக அந்தப் பலகை எண்ணிக்கொள்ளும். அந்தப் பிழையையும் பத்திரமாகச் சேர்த்தார். விளைவாக, மகள் அதே கணினியில் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் யாரும் அடிக்காத எண்கள் முளைத்தன.

"'மதிப்பிற்குரிய'ன்னு அடிச்சா நடுவுல ஏழு, எட்டுன்னு வருது! எனக்கு வேலை கிடைக்கணுமா, வேண்டாமாப்பா?"

அவர் தனியாகத் தம் பக்கத்து மூன்று விசைகளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலி காலி. ஆனால் திரையில் வலப்பக்கத்துப் படகு ஒரு அடி நகர்ந்தது. கையை எடுத்தார், நின்றது. அழுத்தினார், நகர்ந்தது. அலுவலகத்துக்கு அன்று அவர் போகவில்லை.

ஞாயிறு வந்தது. மகளே மூன்றாவது ஆட்டத்தையும் வென்றாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்று மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். "கடைசி நேரத்துல வலப்பக்கத்து ஆட்டக்காரருக்குக் கண்ணாடி சரியும். ஒரு கையால தூக்கிவிடுவாங்க. எல்லாத்தையும் அதே மாதிரி செய்யணும். போட்டுக்கோ."

அது யாருடைய கண்ணாடி என்பது மகளுக்குத் தெரியும். வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள்.

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த மனைவியின் தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி இது கோலம்? உன் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு?"

"கீபோர்டை டெஸ்ட் பண்றோம் சித்தி. எனக்கு உங்க முகம்கூட ரெண்டா தெரியுது. இது சரியுமாம், நான் தூக்கிவிடணுமாம். அப்படியும் அப்பா தோத்துட்டாரு."

"இன்னும் ஒரே ஒரு திருத்தம்," என்றார் அவர். "கீ கொஞ்சம் தாமதமா அமுங்கணும். அது மட்டும் சரியா வந்துட்டா எல்லாம் முன்ன மாதிரி ஆயிடும்."

சித்தி சமையலறைப் பக்கம் பார்த்தாள். கழுவாத பாத்திரங்கள் தொட்டியில் சத்தமின்றிக் கிடந்தன. அக்கா மகளின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம்," என்று அவர் எழுந்தார்.

"உக்காருங்க அத்தான். கீபோர்டு சரியாத்தான் இருக்கு. இந்தக் கண்ணாடி ஒரு நாளும் சரிஞ்சதில்ல. ஜெயிச்ச அன்னைக்குத்தான் நீங்க பாடுவீங்கன்னு, எங்கக்கா வேணும்னே கையை எடுத்துடுவா."