பதினெட்டு சதவீதம்

அகத்தியம்பள்ளி தாண்டியதும் காரின் திரையில் பதினெட்டு சதவீதம் என்று வந்தது. முருகையன் அதைப் பார்க்காதவர் போலச் சாலையைப் பார்த்தார். கோடியக்கரை இன்னும் வரவில்லை. போனால் திரும்பியும் வரவேண்டும்.

கார் அவருடையதல்ல, மைத்துனன் வளவனுடையது. ராத்திரி சார்ஜில் போட்டதும் போன கரன்ட், காலையில் கிளம்பும்வரை வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ராஜராஜன். முருகையன் வேலை பார்க்கும் விதைநெல் கம்பெனியில் சென்னை மேலாளர். திருத்துறைப்பூண்டி கிளையை மூடப்போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. கிளையில் முருகையனோடு சேர்த்து ஆறு பேர். "வியாழக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன், சுத்திக் காட்டுங்க" என்று ராஜராஜனே போன் செய்ததும் ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். மனிதர் எந்தக் கூட்டத்திலும் புகை, மாசு என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எலக்ட்ரிக் கார்.

"சார், ஏசிய கொஞ்சம் நிறுத்திக்கலாமா? கடக்காத்து நல்லாருக்கும்."

"நிறுத்துங்க."

கண்ணாடியை இறக்கியதும் காற்றோடு உப்புத் தூசியும் வந்தது. ராஜராஜன் தொடர்ந்து ஏழு தும்மல் போட்டார். முருகையன் பேச்சை மாற்றினார்.

"இந்தக் குறுவைக்கு நம்ம கிளையில மட்டும் சார்..."

"அத விடுங்க முருகையன். அது என்ன, பாலைவனம் மாதிரி?"

வலது பக்கம் சதுப்பு நிலம் கோடையில் காய்ந்து, கண்ணுக்கு எட்டியவரை வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் கானல் ஓடியது. ஒரு மரம் கிடையாது.

"மழைக்காலத்துல முழுக்கத் தண்ணி சார். பறவையா வந்து எறங்கும். இப்ப ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுதான் நல்லாருக்கு. உள்ள போகுமா வண்டி?"

போகாது என்று சொல்ல முருகையனுக்கு வாய் வரவில்லை. உப்பு லாரி போன தடத்தில் காரைத் திருப்பினார். ராஜராஜன் இறங்கி, அந்த வெட்டவெளியில் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஏறியபோது ஒன்பது சதவீதம்.

வந்த தடத்திலேயே போனால் சுற்று. குறுக்கே விட்டால் சார்ஜ் மிச்சமாகும் என்று முருகையன் குறுக்கே விட்டார். மேலே காய்ந்திருந்த பொருக்குக்கு அடியில் சேறு இருந்தது. முன்சக்கரம் இரண்டும் உள்ளே போயின. அழுத்த அழுத்தச் சக்கரம் அதே இடத்தில் சுற்றியது. ஆறு, நான்கு, ஒன்று.

"நான் தள்றேன்" என்று ராஜராஜன் இறங்கினார்.

"வேணாம் சார்" என்பதற்குள் அவர் முன்னால் போய்க் குனிந்து, பின்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தார். சக்கரம் ஒருமுறை பலமாகச் சுற்றிவிட்டு உயிரை விட்டது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது.

பக்கத்து உப்பளத்துக் குத்தகைக்காரர் சாமிதுரை டிராக்டரோடு வந்தார். கயிறு கட்டி இழுத்தார். முதல் இழுப்பில் பம்பர் மட்டும் தனியாக வந்தது. இரண்டாவது இழுப்பில் கார் வந்தது. அப்படியே தன் உப்பளம் வரை இழுத்துப் போனார்.

மோட்டார் கொட்டகையில் பிளக் இருந்தது. முருகையன் ஒயரைச் செருகினார். 'டப்' என்றது. பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டார் நின்றது.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் சாமிதுரை. "பாதிப் பாத்திதான் பாஞ்சிருக்கு. பியூஸ் கம்பிக்கு வேதாரண்யம்தான் போவணும்."

வேலை நின்றதால் உப்பளத்துப் பெண்கள் கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். ராஜராஜன் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீங்க? மேற்பார்வைக்கு யாரும் உண்டா?"

போன இடத்திலும் மனிதர் ஆய்வை விடவில்லை. அப்படியானால் கிளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதது ஏன்? முடிவெடுத்துவிட்டார் என்று முருகையனுக்குப் பட்டது.

பியூஸ் கம்பி வாங்கக் கிளம்பிய சாமிதுரை, பஸ் ஏற்றிவிட ராஜராஜனையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது ராஜராஜன் முருகையனின் கையைப் பிடித்தார்.

"ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசா இருக்கு."

இப்படிக் குத்திக்காட்டுவதற்குப் பதில் திட்டியிருக்கலாம். டிராக்டர் மறைந்ததும் முருகையன் கிளையின் ஆறு பேரில் ஒருத்தியான அம்சத்துக்குப் போன் போட்டார்.

"எல்லாரும் வேற வேலை பாத்துக்கங்கம்மா. நானே கெடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் மெல்ல விசும்பல் கேட்டது. அவர் போனை வைத்துவிட்டு, கழன்ற பம்பரின் மேல் உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து சாமிதுரை பியூஸ் கம்பியோடு திரும்பி வந்தார்.

"பஸ் ஏறிட்டாரா?"

"ஏத்திவிட்டுட்டுத்தான் வந்தேன். தங்கமான மனுசன்."

"அவர் எங்க மேலாளருங்க. எங்க கிளைய வச்சிருக்கிறதா மூடுறதான்னு அவர்தான் சொல்லணும். இன்னிக்கு என்னால ஆறு குடும்பம் தெருவுக்கு வந்துருச்சு."

சாமிதுரை கம்பியை முறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"அவரையே போன வாரம் வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே, இங்க மேஸ்திரி வேலை காலியானா சொல்லச் சொல்லி நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு."