ஒன்றரைச் சுற்று

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. ஷிப்ட் முடிஞ்ச களைப்பா? காலை நீட்டிக்குங்க, பரவாயில்லை. உங்களைவிடக் களைச்ச ஒருத்தன் கதையைச் சொல்றேன். கேட்டு முடிக்கும்போது உங்க களைப்பு கொஞ்சம் சின்னதாத் தெரியும்.

பென்னலூர் அண்ணாதுரை நாற்பதாவது முறை உதைத்தபோதும் வண்டி இருமிவிட்டு அணைந்தது. சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டி. மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே செய்தது. லைட் இல்லை, ஹாரன் இல்லை, ரோட்டில் ஓட்ட அனுமதியும் இல்லை. மூன்று வருஷமாய்ப் படிக்கட்டுக்குக் கீழே, மனைவி கனகம் தையல் மெஷின் போடக் கேட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தது. வறண்ட ஏரிக்குள் அதில் ஒரே ஒரு சுற்று வரவேண்டும் என்பது அவன் ஆசை. ஒரகடம் கம்பெனியில் பதினெட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவனுக்கு, உட்கார்ந்து போகிற எதுவும் ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சரியாகத்தான் ட்யூன் செய்திருந்தான். கார்புரேட்டரின் பக்கவாட்டில் காற்றை அளந்து விடுகிற குட்டித் திருகு ஒன்று உண்டு. அதை ஒன்றரைச் சுற்று தளர்த்தியதும் வண்டி அழகாக உறுமியது. கனகமே ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஓவர்டைம் முடித்து வந்து உதைத்தால் இந்த இருமல்.

கனகம் வாசலில் நின்று தீர்ப்பு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம பாபு டெம்போ எடுத்துகினு வரான். அதுக்குள்ள ஓடுனா வச்சிக்கோ. இல்லன்னா காயலான் கடைக்குப் போவட்டும்."

அண்ணாதுரை டார்ச் அடித்து முதலில் அந்தத் திருகைத்தான் பார்த்தான். தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தது. கம்பெனியில் அவன் வேலையே சோதனை. புள்ளி வைத்த திருகு என்றால் சரிபார்த்த திருகு, அடுத்ததற்குப் போய்விடலாம். பழக்கத்தில் நாமே வைத்திருப்போம் என்று நினைத்து, அடுத்ததற்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை பிளக்கைக் கழற்றினான். கறுப்பாய், ஈரமாய் இருந்தது. பெட்ரோல் அதிகம் வருகிறது என்று முடிவுகட்டி, பெட்ரோல் பாய்கிற ஜெட்டைக் கழற்றிவிட்டுச் சின்னத் துளை உள்ளதை மாட்டினான். இப்போது இருமலும் நின்றது.

மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் தென்காசிப் பெண் வேல்விழி, போன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். "இன்னைக்காவது ஓடிச்சா அண்ணாச்சி?" என்று அக்கறையாய்க் கேட்டாள். தினமும் கேட்பாள். அவன் தினமும் தலையை ஆட்டுவான்.

புதன்கிழமை தூசி அடைத்திருக்கும் என்று பெட்ரோலை வடிகட்டினான். கையில் சிக்கியது அடுப்படியில் இருந்த டீ வடிகட்டி. வியாழக்கிழமை காலை கனகம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.

அன்று சாயந்திரம் சுங்குவார்சத்திரம் மெக்கானிக் மகாராஜா போனிலேயே வைத்தியம் சொன்னார், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியை ஒரு படி தூக்கி வைக்கும்படி. தூக்கினான். வண்டி கிளம்பியது, கொடியில் காய்ந்த ஆறு புடவையும் புகையில் மறையும்வரை ஓடி, அணைந்தது. ஆறையும் கனகம் மறுபடி துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தவனுக்குக் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று வாயில் வந்துவிட்டது.

"கனகம், நீ ஏதாவது அதுல கை வச்சியா?"

அவள் துவைத்த புடவையை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வூட்ல நான் கை வைக்காத ஒரே சாமான் அதான்யா."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சனிக்கிழமை முழுவதும் உப்புமாதான். அண்ணாதுரை உதைத்து உதைத்து வலது முழங்கால் வீங்கி, கடைசியில் வண்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ஏரியும் வேண்டாம், கனகம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாபு வந்தான். அண்ணாதுரையே ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். கயிறு கட்டும்போது, "மெதுவாப்பா, டேங்கு நசுங்கிறப் போவுது," என்றாள் கனகம். ஜெயித்தவளின் குரலாக அது இல்லை.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த வேல்விழி, தோளில் பையோடு டெம்போவைப் பார்த்து அப்படியே நின்றாள். எம்பி, கார்புரேட்டரைத் தடவிப் பார்த்தாள். பாவம், அவள் கண்ணே கலங்கிவிட்டது.

"இந்தத் திருகு லூசா கெடக்கேன்னு திங்கக்கெழமையே முழுசா இறுக்கி, எங்க லைன்ல வைக்க மாதிரி வெள்ளைப் புள்ளியும் வச்சிட்டேனே அண்ணாச்சி, பொறவும் ஏன் ஓடல?"

உங்க வீட்டிலும் இப்படி அக்கறையான கைகள் நிறைய இருக்கட்டும் கண்ணுங்களா. இறுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கிற வாயும் கூடவே இருக்கட்டும். தளர்வா இருக்க வேண்டியது தளர்வாவே இருந்து, உங்க வாசல் வண்டி முதல் உதையிலேயே கிளம்பட்டும்.