ஈக்கு எட்டு ஜிப்

"இன்னும் ஒண்ணு குறையுதுப்பா" என்றாள் மகள்.

தையல்காரர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஊக்கு விழுந்தது, பாபின் விழுந்தது, ஜிப் மட்டும் விழவில்லை.

இன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒரு செல் எப்படி இரண்டாகிறது என்று மகள் மேடையில் விளக்க வேண்டும். செல் பிரிவதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல இன்னொன்றைச் செய்து அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். "அட, ஜெர்கின் ஜிப் மாதிரி!" என்று போன வாரம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் தையல்காரரேதான்.

"மனுஷனுக்கு நாப்பத்தாறுப்பா" என்று அன்றைக்கே எச்சரித்தாள் மகள்.

"நாப்பத்தாறு ஜிப்பா? வேற ஏதாவது சின்ன ஆளாப் பாரு."

"பழ ஈக்கு எட்டுதான்."

மனிதனிலிருந்து ஈ வரை இறங்கி வந்தும் இப்போது ஒன்று குறைந்தது. மகளின் கண்ணில் நீர் முட்டியது. பெற்ற மனம் கேட்குமா?

சுவரில் தலைமையாசிரியரின் ஜெர்கின் தொங்கியது. அவர் வயிற்றுக்குக் கடையில் ரெடிமேட் கிடைப்பதில்லை. "இது பிடிச்சுதுன்னா வர்ற வருஷ யூனிஃபார்ம் மொத்தமும் உனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அவர் கேட்டிருந்தது சாயங்காலத்துக்கு. அதற்குள் திருப்பித் தைத்துவிடலாம் என்று தையல்காரர் அதன் ஜிப்பைப் பிரித்து மகளிடம் கொடுத்தார். மகள் துள்ளிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பவில்லை, தலைமையாசிரியர் வந்து நின்றார்.

"ஃபங்ஷனுக்கே போட்டுக்கலாம்னு தோணுச்சு. ரெடிதானே?"

"கடைசித் தையல் சார். இதோ!"

உள்ளே ஓடினார். கையில் சிக்கியது தலையணை உறைக்கு வைக்கிற நீள ஜிப். அதன் அடிமுனை மூடியே இருக்கும், பிரியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? தைத்துவிட்டார்.

"என்னய்யா, கீழ பிரியலையே?"

"புது மாடல் சார். பனியன் மாதிரித் தலை வழியாப் போட்டுக்கணும்."

தலை போயிற்று, கை போயிற்று, வயிறு மட்டும் யோசித்தது. தையல்காரர் மூச்சைப் பிடித்து இழுத்துவிட்டு, ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார். ஏறியது. பிடித்து இழுக்கும் வால் மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது.

"கொஞ்சம் டைட்டா இல்ல?"

"அதுதான் சார் ஃபிட்டிங்கு."

வாலைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு, கத்திரியோடு தலைமையாசிரியர் பின்னாலேயே பள்ளிக்கு ஓடினார் தையல்காரர்.

மேடையில் மகள் ஜிப்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். "சில சமயம் ஒண்ணு பிரியாம ஒட்டிக்கும். அப்ப ஒரு செல்லுக்கு ஒண்ணு கூடிடும், இன்னொண்ணுக்குக் குறைஞ்சிடும்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா தலைமையாசிரியருக்கு வியர்க்க வேண்டும்! ஜெர்கினைத் தலை வழியாகத் தூக்கினார். தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை. இரண்டு கையையும் மேலே ஆட்டிக்கொண்டு மேடையைச் சுற்றினார்.

"பிரியாத குரோமோசோம்!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மேடைக்குப் பின்னால் உயிரியல் டீச்சர் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, தையல்காரர் ஜெர்கினை வெட்டித் தலைமையாசிரியரை வெளியே எடுத்தார்.

"இது தலையணை உறை ஜிப்பாச்சே! என் ஜிப்பு எங்கய்யா?"

தேள் கொட்டிய திருடனாக விழித்தார் தையல்காரர். யூனிஃபார்ம் போச்சு என்றே நினைத்தார்.

"மேடையிலதான் சார் இருக்கு. ஈக்கு எட்டு வேணும், என்கிட்ட ஏழுதான் இருந்துச்சு. பொண்ணு அழுதுட்டா, எனக்குத் தாங்கல."

தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்தார். வெளியே கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

"உன் பொண்ணுக்குத்தான் முதல் பரிசு. யூனிஃபார்மும் நீயே தை. ஆனா ஒண்ணு, எல்லாத்துக்கும் பட்டன் வச்சுத் தை!"

தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிக் கும்பிட்டார்.

உயிரியல் டீச்சர் மெல்லக் கேட்டார்:

"ஈக்கு ஏங்க போனீங்க? கொசுவுக்கு ஆறுதானே!"