சுவரில் ஓட்டை போட்ட வின்ச் நைனா

கொருக்குப்பேட்டையில் எல்லோரும் சுவரில் இருக்கும் ஓட்டையை அடைப்பார்கள். கடப்பாரை எடுத்துத் தன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் தானே ஓட்டை போட்ட மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே வின்ச் நைனா ஒருவர்தான்.

துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ரயில்வே கூட்ஸ் யார்டை ஒட்டிய அவர் வீட்டுக்கு எதிர்மாடியில் நான் குடியிருந்தேன்.

“எதுக்கு நைனா இந்த ஓட்டை?”

“வர்றவங்களுக்குக் கதவு தட்டத் தெரியாது சார்.”

யார் வருகிறார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

தோட்டத்தைப் பெருக்கவே மாட்டார். பப்பாளி பழுத்தால் பறிக்க மாட்டார். உடைந்த வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி வைப்பார். தெருவிளக்குக்குக் கோணிப்பை மாட்டிவிட்டார். பொழுது சாய்ந்தால் ஆள் அரவமில்லாத அந்தத் தோட்டத்திலிருந்து பாஸ்மதி அரிசி வேகும் வாசனை வரும். அவரோ மூன்று வேளையும் பன்னும் டீயும் சாப்பிடுகிறவர். கூரை ஷீட்மேல் யாரோ வெறுங்காலோடு நடப்பது கேட்கும். செத்துப்போன அவர் மனைவிதான் வந்து சமைக்கிறாள் என்று தெரு முடிவு கட்டியது. நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். படித்தவன் என்றால் பேய் விட்டுவிடுமா?

கடைசியில் அவரே ரகசியத்தை உடைத்தார். “பேயி இல்ல சார், மரநாயி. அது மேலயே அந்த வாசன கீது. மூணு குட்டி போட்டுகீது. சத்தம் கேட்டா தாயி வுட்டுட்டு ஓடிப்பூடும். அப்பால குட்டிங்க பொழைக்காது.”

அந்த வாரம் பார்த்துத்தானா பெருமாள் அண்ணன் சாக வேண்டும்? யார்டில் மூட்டை தூக்கியவர். ‘என் சாவுல மெட்ராஸே காதப் பொத்திக்கணும்’ என்று குடிக்கும்போதெல்லாம் சொல்லிவைத்தவர். சாயங்காலம் மேளமும் ஆட்டமும் சரவெடியுமாக ஊர்வலம் எங்கள் தெருவில் திரும்பியது. பூப்பல்லக்குக்கு முன்னால் போய், கப்பலில் சரக்கை நிறுத்தச் சொல்வதுபோல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார் வின்ச் நைனா.

“வெடி வாணாம். குட்டிங்க தூங்குது.”

மூத்த மகன் அவர் சட்டையைப் பிடித்தான். “யோவ், எங்கப்பன் சாவுய்யா இது! நாய்க்குட்டிக்காவ நிறுத்துவியா?”

“மரநாய்க்குட்டிப்பா” என்று திருத்தினார் நைனா.

அடி விழுந்திருக்கும். பின்னால் வந்த பெருமாள் அண்ணன் மனைவி தனம் அக்கா, அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “எத்தினி குட்டி?”

“மூணும்மா.”

அக்கா மகனைப் பார்த்தார். “உட்றா அவர. தெனம் குடிச்சிட்டு வந்து உங்க மூணு பேரயும் தூக்கத்துல எழுப்பிவுட்ட மனுசன்டா உங்கப்பன். இன்னிக்காவது மூணு புள்ளைங்க தூங்கட்டும். மேளத்த நிறுத்துங்கடா!”

நின்றது. மேளக்காரர்கள் தோலை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சரவெடிக்காரன் வெடியைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டான். அத்தனை பெரிய கூட்டம் காலடிச் சத்தம் மட்டும் கேட்க அந்தச் சுவரைக் கடந்தது. பேய்க்குப் பயந்ததைவிட அந்த நிசப்தத்துக்கு நான் அதிகம் பயந்தேன். திடீரென்று அந்த அரிசி வாசனை தெருவெல்லாம் பரவியது. ஓட்டைக்குள் இரண்டு கண்கள். கடைசி ஆள் போகும்வரை அவை அசையவே இல்லை. தெருமுனை தாண்டியதும்தான் மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

தாய் ஓடவில்லை. சில வாரம் கழித்து மூன்று குட்டிகளும் அதன் பின்னால் வரிசையாகச் சுவர்மேல் நடந்ததை நானே பார்த்தேன்.

இப்போது நான் மாத்தூரில் இருக்கிறேன். என் கடைசி ஊர்வலத்தையும் வின்ச் நைனா குறுக்கே நின்று நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதற்காகவாவது அந்த மனிதர் எனக்கு அப்புறமும் இருக்க வேண்டும்.