ரூட் அண்ணாச்சி நடத்திய பாடம்

முத்துக் குளித்த காலம் தொட்டு இன்றுவரை, தூத்துக்குடிக் கடற்கரையில் ரூட் அண்ணாச்சி அளவுக்குப் பூட்டை நம்பிய மனிதர் பிறந்ததில்லை. எங்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு அவர்தான். சாப்பாட்டுத் தூக்குச்சட்டிக்கும் பூட்டுப் போடுவார். உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்துத் திறக்காது. உடைத்துத்தான் சோறு தின்பார். மறுநாள் புதுப் பூட்டு வரும்.

மெயில் சர்வரிலும் அதே கொள்கை. அதில் சகல அதிகாரமும் கொண்ட பயனர் பெயர் 'ரூட்'. வேறு பெயரில் உள்ளே நுழைவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "கலெக்டரு பியூன் வாசல் வழியாவாலே போவாரு?" என்பார்.

ஒரு நாள் காலையில் மெயில் வருவது நின்றது. அன்று பார்த்து, எங்கள் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து உயர்ந்த ஜெசிந்தா முதன்முதலாகத் தனியே கவனிக்கும் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. கேப்டன் அனுப்பும் சரக்கு விவரத்தை எங்கள் மெயில் வழியாகத் துறைமுகத்துக்கு மதியத்துக்குள் சேர்க்க வேண்டும். தவறினால் பின்னால் நிற்கும் கப்பல் முந்திக்கொண்டு துறைமுகத்தில் இடம் பிடித்துவிடும். அப்படி நடந்தால் ஜெசிந்தா பழைய டைப்பிங் சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கேப்டனோ அனுப்பியாயிற்று என்கிறார்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். குப்பை மெயிலைத் தடுக்கும் ஃபில்டர், எது குப்பை என்று குறித்து வைத்திருக்கும் தன் நினைவுக் கோப்பைத் திறக்க முடியாமல் 'பெர்மிஷன் டினைடு' என்று வரிவரியாகப் புலம்பிக்கொண்டிருந்தது. ஃபில்டர் பார்க்காமல் எந்த மெயிலும் உள்ளே வராது. எல்லாம் வாசலில் வரிசைகட்டி நின்றன.

"எவம்லே என் ஃபைலத் தொட்டது?"

விசாரணை தொடங்கியது. தண்ணீர் கேன் போட வந்தவரைக்கூட விடவில்லை. ஜெசிந்தாவுக்குப் பொறுமை போயிற்று.

"அண்ணாச்சி, ஃபைலு யாரு பேருல இருக்குன்னு மொதல்ல பாருங்க."

பார்த்தார். உரிமையாளர்: ரூட்.

"நேத்து சாயங்காலம் என்ன செஞ்சீய?"

"ஒரே லாட்டரி மெயிலா வருதுன்னு ஃபில்டருக்குப் பாடம் சொல்லிக் குடுத்தேன்."

"ரூட்டாவா?"

"பின்ன?"

அவர் ரூட்டாக நுழைந்து நடத்திய பாடத்தில் கோப்பு அவர் பெயருக்கே மாறிவிட்டது. ஃபில்டர் இயங்குவதோ வேறு பெயரில். வாத்தியார் பாடத்தை நடத்திவிட்டு, மாணவனின் நோட்டைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"எல்லாரும் தொடலாம்னு தெறந்து விட்டுருங்க அண்ணாச்சி, ஒரு நிமிஷ வேல" என்றேன், இணையத்தில் படித்த தைரியத்தில்.

"ஏலே, கதவு இறுகுதுன்னா கதவையே கழத்திப் போடுவியா?"

கோப்பை ஃபில்டரின் பெயருக்கு மாற்றினார். டினைடு. கோப்பு இருந்த ஃபோல்டரும் பூட்டியிருந்தது. அதை மாற்றினார். மறுபடியும் டினைடு. அதற்கு மேலுள்ள ஃபோல்டரையும் நேற்றுப் பாடம் முடிந்த கையோடு பூட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார். ஜெசிந்தா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அழுகையை அடக்கி நின்றாள்.

அப்போது மேனேஜர் வந்தார். "இன்னும் அனுப்பலியா? இந்தப் பிள்ளைக்குக் கப்பல் குடுத்ததே தப்பு."

அண்ணாச்சி திரையை விட்டுத் திரும்பவே இல்லை. "ஃபைலு என் பேருல இருந்துச்சு சார். தப்பும் என் பேருல இருக்கட்டும். நீங்க உள்ள போங்க."

மேனேஜரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் போய்விட்டார். அண்ணாச்சி கடைசி ஃபோல்டரில் ஃபில்டருக்கு வழி விட்டு, காத்திருந்த மெயில்களை உள்ளே அழைத்தார். பொலபொலவென்று விழுந்தன. ஜெசிந்தா சரக்கு விவரத்தைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, கப்பல்களுக்கு இடம் ஒதுக்கும் கூட்டத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தாள். சற்று நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"கெடச்சிட்டு அண்ணாச்சி!"

"சரி சரி, ஸ்கூட்டர மெதுவா ஓட்டிட்டு வா."

அடுத்த வாரமே மனிதர் ரூட்டாக நுழைந்து ஃபில்டருக்கு இன்னொரு பாடம் நடத்தினார். மறுநாள் காலையில் மெயில் நின்றது. அவர் லீவு போடும் நாட்களில் மட்டும் எங்கள் மெயில் ஒரு தடங்கலும் இல்லாமல் வருகிறது. அன்றைக்கெல்லாம் ஜெசிந்தா அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கி வந்துருவாருல்லா?" என்று என்னிடம் கேட்கிறாள். வராமல் இருந்துவிடுவாரோ என்று எனக்கும் அதே கவலைதான்.