துபாயில் போட்ட முடிச்சு

நேர்காணலுக்குப் போகிறவன் மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரிய வேண்டுமாம். நான் ஒருமுறை அப்படித் தெரிந்திருக்கிறேன். எப்படி என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசைகட்டி உள்ளே வந்துகொண்டிருந்த காலம். அப்படி வந்த ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி, டெல்டாவுக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி வேண்டுமென்று தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் நேர்காணல் வைத்தது. இருந்தது ஒரே ஒரு வேலை. நானோ மன்னார்குடிப் பக்கத்து ஆள், தாவரவியலில் மூன்றாம் வகுப்பு (நாலு அரியர் வைத்துத்தான், வீட்டில் இரண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்).

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் துபாயில் மளிகைக்கடை வைத்திருந்த அக்கா வீட்டுக்கார மச்சானிடம் என்னை அனுப்பிவிடுவது என்று அத்தா (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) முடிவு செய்துவிட்டார். எனக்குத் திருவாரூர் போய்த் திரும்புவதற்குள்ளேயே மனைவி ஞாபகம் வந்துவிடும். துபாய்க்கு நான் எங்கே போவது?

நேர்காணலுக்கு டை வேண்டும். எங்கள் தெருவுக்கே ஒரு டைதான், மச்சான் கொண்டுவந்தது. துபாயில் யாரோ ஒரு மலையாளி போட்டுக்கொடுத்த முடிச்சோடு வந்தது. அவிழ்த்தால் மறுபடி கட்ட ஊரில் ஆளில்லை என்பதால் யாரும் அவிழ்ப்பதே இல்லை. நிக்காஹ் போட்டோவானாலும் பாஸ்போர்ட் போட்டோவானாலும் தலைவழியாக மாட்டி, தலைவழியாகவே கழற்றி, எங்கள் வீட்டு ஆணியில் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட வேண்டும்.

"முடிச்சுல மட்டும் கைய வச்சிராதடா. நாளன்னைக்கு இக்பால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்" என்று அக்கா வாசல்வரை வந்து எச்சரித்தாள். பக்கத்து வீட்டு இக்பாலும் அவள் பின்னால் நின்று டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லாட்ஜில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் விவசாயத்தில் எம்.எஸ்சி., தங்கப் பதக்கம். அவருக்கு அடுத்தவர் எம்.பி.ஏ. இருவரும் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படித்தேன்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நான் உட்கார்ந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"டையைத் தளர்த்திக்கிட்டு வசதியா உக்காருங்க தம்பி" என்றார் நடுவில் இருந்த பெரியவர்.

பெரிய மனிதர் சொல்கிறாரே என்று லேசாக இழுத்தேன். எதை இழுத்தேனோ தெரியவில்லை, டை நீளமாகக் கையோடு வந்துவிட்டது.

"ஐயையோ, அவுந்துருச்சே!"

"அதனால என்ன? சொல்லுங்க, நெல்லுல குருத்துப்பூச்சி விழுந்தா என்ன செய்வீங்க?"

"குருத்துப்பூச்சி கெடக்குதுங்க சார், இத இப்ப யாரு கட்டுறது? எங்க தெருவுக்கே இது ஒண்ணுதாங்க. நாளன்னைக்கு இக்பால் போட்டோ எடுக்கணும்!"

(பூச்சிமருந்துக் கம்பெனிக்காரனிடம் பூச்சி கிடக்கட்டும் என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

என் முகத்தைப் பார்த்துப் பெரியவருக்கு இரக்கம் வந்துவிட்டது. எழுந்துவந்து என் கழுத்தில் சுற்றிப் பார்த்தார். அடுத்தவன் கழுத்தில் கட்டும்போது அவருக்கு இடது வலது குழம்பிப்போனது. சரி, மாதிரி பார்ப்போம் என்று தன் டையையும் அவிழ்த்தார். இப்போது அவிழ்ந்தவை இரண்டு.

"எனக்கு வீட்டுல சம்சாரம்தான் கட்டிவிடுவாங்க" என்று இரண்டாமவர் நழுவினார்.

மூன்றாமவர் கதவைத் திறந்து, "உங்கள்ல யாருக்காவது டை கட்டத் தெரியுமா?" என்று கூவினார்.

தங்கப் பதக்கம் எழுந்து வந்தார். அரை நிமிடத்தில் எனக்கும் பெரியவருக்கும் கட்டிவிட்டார். அவரை அப்படியே உட்காரச் சொன்னார்கள். என்னைப் போகச் சொன்னார்கள்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. அக்கா டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முடிச்சு சின்னதா இருக்கே" என்றாள். அத்தா விசாவுக்கு ஏற்பாடு செய்தார். மனைவி பெட்டி அடுக்கும்போது அழுதாள். நான் அவளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது வேலையில் வந்து சேரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. தங்கப் பதக்கம் மேல்படிப்புக்கு அமெரிக்கா போய்விட்டார். எம்.பி.ஏ.வைப் பெங்களூர் கொத்திக்கொண்டு போய்விட்டது. வேலையில் சேர்ந்த அன்று பெரியவர் சொன்னார்: "மத்த பேருங்கள வாசிச்சா எனக்கு ஒரு முகமும் ஞாபகம் வரல தம்பி. அந்த டை அவுந்த பையனக் கூப்பிடுங்கன்னுட்டேன்."

இன்றுவரை அதே கம்பெனிதான். துபாய்க்கு இக்பால் போனான்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் நேர்காணலுக்குக் கிளம்பினாலும் என் மனைவி, "எதையாவது ஒண்ணக் கெடுத்துட்டு வாங்க, அப்பத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க" என்பாள். போன வருடம் மகள் கம்ப்யூட்டர் முன்னால் நேர்காணலுக்கு உட்கார்ந்தபோதும் அதையே சொன்னாள். வீடே சிரித்தது.

மகள் எதையும் கெடுக்கவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். டொரான்டோவில் வேலை. "அத்தா, மொத தடவையிலயே கெடச்சிருச்சு!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் டொரான்டோ துபாயைவிடத் தூரம்.

"எதையும் கெடுக்கத் தெரியாமயே வளத்துட்டோம்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.