சுற்றிக்கொண்டு வந்தவர்

இந்தத் திருவண்ணாமலையில் எழுதி ஒட்டிய அறிவிப்புகளையெல்லாம் நின்று படித்து, படித்தபடியே நடக்கிற ஒரே மனிதர் ரூல்தடி சார்தான். மீதி ஊரே சேர்ந்து மீறுவதைச் சரிக்கட்ட ஆண்டவன் அவர் ஒருவரை இறக்கிவிட்டான் போலிருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை, வேங்கிக்காலில் அடுத்த வீடு. தப்பிக்க வழியே இல்லை.

ஒருமுறை சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. மாடுகள்கூடக் கடந்துபோயின. சார் மட்டும் மெக்கானிக் வந்து பச்சையைக் காட்டும்வரை முக்கால் மணி நேரம் மொபெட்டில் நின்றார். இன்னொரு முறை காய்ச்சல். மாத்திரை உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை, அதனால் மாத்திரையும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி சரசு அக்கா நாலு வாய் கஞ்சியை வலுக்கட்டாயமாகப் புகட்டினார்.

"இது சாப்பாட்டுல சேருமா?" என்றார் சார், முனகிக்கொண்டே.

அக்கா நேர்மாறு. பஸ் காலியாக வந்தால் ஏறிவிடுவார். எங்கே போகிறது என்று ஏறிய பிறகு கேட்பார். "இவரு யோசிச்சி முடிக்கிறதுக்குள்ள நான் போயிட்டே வந்துடுவேன் தம்பி" என்பார். இருபத்தைந்து வருடம் எப்படி ஓட்டினார்களோ, எனக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு பௌர்ணமிக் காலையில் மூவரும் கிரிவலம் கிளம்பினோம். சார் மலையை வலப்பக்கம் வைத்து, சாலையின் இடது ஓரமாக, எங்களைவிட நூறு அடி முன்னால் போனார். அடி அண்ணாமலை தாண்டியதும் அக்கா பள்ளத்தில் கால் வைத்து விழுந்தார். கணுக்கால் கண்முன்னே வீங்கியது. நான் கத்தியது கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவில்லை. போன் போட்டேன்.

"சார், அக்கா வுழுந்துட்டாங்க. காலு ஒடைஞ்சிருக்கும் போல. திரும்பி வாங்க!"

முன்னால் அவர் முதுகு நின்றது.

"ஐயையோ! ரொம்ப வலிக்குதாப்பா?"

"வந்து பாருங்க சார், நூறு அடிதான்!"

"வலம் போறப்ப எதிர்ப்பக்கமா திரும்பி நடக்கக் கூடாதுப்பா. அவள பத்திரமா பாத்துக்க. நான் சுத்திக்கிட்டு ஓடியாந்துடறேன்."

முதுகு ஓட ஆரம்பித்தது. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதில் நூறு அடி குறைவு.

அந்த முதுகு கூட்டத்துக்குள் மறையும்வரை அக்கா பார்த்தார். பிறகு "ஆட்டோவ கூப்புடு தம்பி" என்றார். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இடையில் நான் போட்ட போன் எதையும் அவர் எடுக்கவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து, மருத்துவமனையில் இருந்த என்னை அவரே கூப்பிட்டார். "வந்துட்டேம்பா. எங்க இருக்கீங்க?" விழுந்த அதே இடத்தில் நின்றுகொண்டு கேட்கிறார்! மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து ரத்தம். ஐம்பத்தாறு வயது. எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

மாவுக்கட்டோடு அக்கா நேராகப் போளூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானம் பேசப் போன என்னிடம், "ஓடுனாருன்னு தெரியும் தம்பி. எந்தப் பக்கமா ஓடுனாரு?" என்று கேட்டார். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

"சும்மா போய் நில்லுங்க சார். வாய்க்கு வர்றத பேசுங்க" என்று சாரிடம் தினமும் சொன்னேன்.

"ஒண்ணும் வரலன்னா?"

ஒரு செவ்வாய்க்கிழமை, பார்த்துக்கொண்டிருந்த ஃபைலைப் பாதியில் மூடிவிட்டு, விடுப்புக் கடிதம்கூட எழுதாமல் எழுந்து போளூர் பஸ் ஏறினார். அலுவலகமே வாய் பிளந்தது. நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார்.

"என்ன சார் ஆச்சி?"

"கதவத் தொறந்தா. கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். பரவால்லன்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன கேக்கணும்பா?"

நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அக்கா இனி வரமாட்டார் என்பது இருவருக்கும் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஆனால் கூப்பிடாத வீட்டுக்குச் சாப்பிடப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒருநாள் நான் மறந்துவிட, பட்டினியாகவே படுத்துவிட்டார். இப்போது தினமும் ஏழரை மணிக்கு நானே போய் அவர் கதவைத் தட்டுகிறேன்.

"சார், சாப்பிட வாங்க."